இரண்டு நாள், இருவர் மட்டும்

காவிரிப் படுகையில் அறுபதைத் தாண்டிய எந்தத் தம்பதியைக் கேட்டாலும், போய் வந்த ஊர்களின் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். சீர்காழியா? மச்சினர் மகள் கல்யாணத்துக்குப் போனது. பட்டுக்கோட்டையா? சித்தப்பாவின் பதினாறாம் நாள் காரியம். வைத்தீஸ்வரன்கோயில் பேரனுக்கு முடியிறக்க, வேளாங்கண்ணி மகளுக்கு உடம்பு தேறியதும் நேர்ந்துகொண்டதைச் செலுத்த. ஒவ்வொரு முறையும் பையில் பட்டுப்புடவையும் மொய்க்கவரும் இருந்திருக்கும். போன ஊரில் பார்த்தது கல்யாண மண்டபமும் பந்தியும் பேருந்து நிலையமும். இருவரும் சேர்ந்தே போயிருப்பார்கள். இருவருக்காக என்று ஒரு முறையும் போயிருக்க மாட்டார்கள்.

கும்பகோணத்தில் பித்தளை, எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்திய ஒருவரும், அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற அவர் மனைவியும் முப்பது ஆண்டுக்கும் மேலாக இப்படித்தான் ஓடினார்கள். அவர்கள் கல்யாணம் 1983 தை மாதம். தை என்றால் பாத்திரக் கடைக்கு ஆண்டின் உச்சம். பொங்கல் பானை விற்று முடிவதற்குள் முகூர்த்தச் சீருக்கு ஆள் வந்து நிற்கும். ஊரார் கல்யாணத்துக்கு அண்டா, குடம், குத்துவிளக்கு என்று எடுத்துக் கொடுத்து, நிறுத்துக் கொடுத்து, தங்கள் கல்யாண நாளை ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் நினைத்துக்கொள்வார்கள். கடை மகன் கைக்குப் போன பிறகு ஒரு மார்கழியில் அந்த அம்மாள் கேட்டார்: "என்னாங்க, வர்ற தையில எங்கயாச்சும் போவோமா? யார் வீட்டுக்கும் இல்ல. நாம ரெண்டு பேரும்."

அதிலிருந்து ஆண்டுதோறும் போகிறார்கள். விதிகள் எளியவை. தூரம் நூற்றைம்பது கிலோமீட்டருக்குள். ஒரு ராத்திரி, மிஞ்சிப்போனால் இரண்டு. ரயில், இல்லாவிட்டால் பேருந்து. போகும் ஊரில் உறவினர் இருந்தாலும் விடுதியில்தான் தங்குவது. இந்தக் கடைசி விதி அம்மாளுடையது. உறவினர் வீட்டுக்குப் போனால் ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள், அவர் அடுப்படிக்குள் நுழைந்தாக வேண்டும். அதற்கு எதற்கு ஊர் விட்டு ஊர் போக வேண்டும் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

தூரம் போக ஆசைப்படுகிறவர்கள் போகத்தான் வேண்டும். கொச்சியில் தேநீர்க் கடை நடத்திய விஜயன்–மோகனா தம்பதி, கடை வருமானத்தில் நாளொன்றுக்கு 300 ரூபாய் எடுத்துவைத்து, போதாததற்குக் கடன் வாங்கி அதையும் அடைத்து, 26 நாடுகளைப் பார்த்தார்கள். 2021-ல் ரஷ்யாவுக்குப் போய்த் திரும்பிய சில வாரங்களில் விஜயன் காலமானார். நெஞ்சைத் தொடுகிற வாழ்க்கை அது. ஆனால் எல்லோருக்கும் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்தும் நின்று பார்க்க நேரம் கிடைக்காத ஊர்கள் நம்மைச் சுற்றி எத்தனையோ கிடக்கின்றன.

முதல் பயணம் அணைக்கரையைத் தாண்டிக் கங்கைகொண்ட சோழபுரம். கும்பகோணத்துக்காரர்களுக்கு அது கூப்பிடு தூரம், அதனாலேயே ஒத்திப்போட்ட ஊர். ராஜேந்திர சோழன் கங்கைவரை படை அனுப்பி வென்றதன் நினைவாக எழுப்பிய தலைநகரம். அங்குள்ள சிவன் கோயில் 2004-ல் தாராசுரம் கோயிலோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. வடக்கு வாசலை ஒட்டிய சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பத்தின் முன் இருவரும் நெடுநேரம் நின்றார்கள். சிவன் தன் கையாலேயே சண்டேசர் தலையில் மாலையைச் சுற்றுகிறார். பக்கத்தில் உமை உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு முன்பும் அந்தக் கோயிலுக்கு அவர்கள் வந்ததுண்டு. ஒரு வேனில் பதினைந்து பேரோடு, பிரசாதமும் தண்ணீரும் எங்கே கிடைக்கும் என்று அலைந்துகொண்டு.

அடுத்து பிச்சாவரம். சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகில் போனார்கள். 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். இந்த நீர்ச்சந்துகளில்தான் நடித்தார் என்று படகுக்காரர் சொல்ல, பாத்திரக்கடைக்காரர் அந்தப் படம் ஓடிய கொட்டகையின் பெயரிலிருந்து தொடங்கினார். கிளைகள் இரு பக்கமும் தலையில் இடிக்கும் குறுகலில் படகு நுழையும்போதும் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

அவர்கள் இன்றும் அடிக்கடி எடுத்துப் பேசுவது செட்டிநாட்டுப் பயணத்தைத்தான். திருவாரூர்–காரைக்குடி அகலப் பாதை 2019-ல் திறந்த பிறகு கீழத் தஞ்சையிலிருந்து அந்தப் பக்கம் போக ரயிலும் உண்டு. இவர்கள் புதுக்கோட்டை வழியாகப் பேருந்தில் போனார்கள். ஆத்தங்குடியில் தரை ஓடு செய்யும் பட்டறையில் அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் உலோகச் சட்டத்தை வைத்து, பூ வடிவ அறைகளுக்குள் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே காய்ந்த மணல்–சிமெண்டுக் கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை வைத்து அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள். ஊறிய பிறகு கண்ணாடியிலிருந்து ஓடு தானாகக் கழன்று வருகிறது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் ஓட்டின் பளபளப்பு. பாலிஷ் எதுவும் கிடையாது. ஊற்றும் ஆளுக்கு அளவுக் குவளை இல்லை, கைதான் கணக்கு. நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு ஆண்டுக்கணக்கில் சோறும் சாம்பாரும் கைக்கணக்கில் அளந்தவர் அல்லவா, அந்த அம்மாளுக்கு அதைவிட்டு எழுந்துவர மனமில்லை.

கணவருக்கான இடம் காரைக்குடியில் இருந்தது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழிந்து வந்த பித்தளை அண்டா, தூக்கு, பர்மாத் தேக்குத் தூண், ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. அவர் ஒவ்வொரு பாத்திரத்தையும் விரலால் சுண்டி ஓசை கேட்டார். அடியில் பெயர் வெட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். பெயர் வெட்டிய பாத்திரம் என்றால் ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்தது. கானாடுகாத்தான் வீடுகளில் வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கின்றன. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, அவன் மனைவி கொண்டுவந்த சீர் சாமான் அந்த அறையில் இருக்கும். செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் கோயில் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு 'புள்ளி'. அறையில் இருக்க வேண்டிய பாத்திரம் கடைத்தெருவில் கிடப்பதைப் பார்த்து அவருக்கு மனம் கனத்துப்போனது. ஒரு சிறு பித்தளைத் தூக்கை மட்டும் வாங்கினார். அதன் அடியில் வெட்டியிருந்த பெண் பெயரைத் தேய்க்கக் கூடாது என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறார்.

இந்தத் தையில் போனது தரங்கம்பாடிக்கு.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குக் காலை ரயில். முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் அந்தத் தூரத்துக்குள் எத்தனை சங்கதி! ஆடுதுறையில் 1922-லிருந்து இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம். படுகை விவசாயி வாயில் 'ஆடுதுறை' என்றால் ஊர்ப் பெயருக்கு முன் நெல் ரகம்தான் வரும். அடுத்து நரசிங்கன்பேட்டை, ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடையும் ஊர். 2022-ல் அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தங்கள் கல்யாணத்துக்கு வாசித்தவர் கையில் இருந்தது நரசிங்கன்பேட்டைக் குழல்தானா என்று இருவருக்கும் ஒரு சின்ன வழக்கு நடந்தது. சன்னலுக்கு வெளியே சம்பா அறுவடை. கதிர் அறுக்கும் இயந்திரம் ஒரு பக்கம் போக, வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம் பின்னாலேயே வந்தது. தையில் கல்யாணம் செய்துகொண்ட படுகைத் தம்பதிகளுக்கு இது ஒரு கொடுப்பினை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, வயல் பொன்னாகக் கிடக்கும்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயிலும் ஓடியது. 1926-ல் போட்ட மீட்டர்கேஜ் பாதை, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று நின்று நின்று போகும். 1980-களில் நிறுத்தப்பட்டது, தண்டவாளமும் போய்விட்டது. பாதை இருந்த தடம் வயல்களுக்கு நடுவே இன்னும் சில இடங்களில் மேடாகத் தெரிகிறது. இப்போது பேருந்துதான். நகரப் பேருந்து என்றால் அந்த அம்மாளுக்குக் கட்டணம் இல்லை. 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் இலவசமாகப் போகலாம். டிக்கெட்டுக்குக் கணவர் சில்லறை தேடும்போது, தன் இலவசப் பயணச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது பார்க்கவே நன்றாக இருந்தது.

வழியில் திருக்கடையூர். கல்யாணமாகிப் பல ஆண்டு ஆன தம்பதிகளுக்குத் தமிழ்நாட்டில் ஒரு தலைநகரம் உண்டென்றால் அது இதுதான். மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த காலசம்ஹார மூர்த்தி இருக்கும் தலம் என்பதால், அறுபதுக்குச் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று ஆண்டு முழுக்க இங்கே மாலை மாற்றுகிறார்கள். நாள் பார்ப்பதில்லை, கூட்டம் ஓய்வதில்லை. பிரகாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கலசங்கள் அடுக்கிய குடும்பம் ஒன்று. ஈரப் புடவையோடு நடுங்குகிற ஒரு பாட்டி. அவர் கையைப் பிடித்திருக்கிற தாத்தா. ஓரத்தில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு பேரப்பிள்ளைகள்.

இவர்களுக்கும் இங்கேதான் அறுபதாம் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு வந்திருந்தவர்கள் இருநூறு பேர். அம்மாளுக்கு அதில் நினைவிருப்பது, சம்பந்தி வீட்டார் சாப்பிட்டார்களா என்று மண்டபத்துக்கும் கோயிலுக்குமாக நடந்தது. அபிராமி சந்நிதியில் எவ்வளவு நேரம் நின்றார் என்றால், தீபாராதனை காட்டிய நேரம் மட்டும். இந்த முறை யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அர்ச்சனை முடிந்ததும் சந்நிதிக்கு வெளியே தூணோரம் உட்கார்ந்துகொண்டார்கள். சரபோஜி மன்னர் திதி கேட்க, அபிராமி பட்டர் அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட, அம்பாள் தன் தோட்டை வானில் வீசி நிலவு காட்டினாள் என்பது இந்தத் தலத்தின் கதை. அதை இன்றும் தை அமாவாசையன்று இங்கே விழாவாகக் கொண்டாடுகிறார்கள். இவர்கள் போன சமயம் அந்தக் கூட்டம் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். பக்தி எல்லோருக்கும் பொது. ஆனால் சாவகாசம் என்பது குடும்பப் பெண்களுக்குக் கோயிலில்கூடக் கிடைப்பதில்லை என்பதை இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் தில்லையாடி. கோயில் சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிற ஊர். கல்யாண நாள் கொண்டாடுகிறவர்கள் கண்டிப்பாக இறங்க வேண்டிய ஊர் என்றுதான் சொல்ல வேண்டும். காரணம், தில்லையாடி வள்ளியம்மை. சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் தலைமையகத்துக்கு அவர் பெயர் இருப்பதால் பெயர் பலருக்கும் தெரியும். எதற்காக உயிர்விட்டார் என்பது அவ்வளவாகத் தெரியாது.

1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான திருமணம் தவிர மற்றவை அந்நாட்டுச் சட்டத்தில் செல்லாது என்று அதற்குப் பொருள். அங்கே இருந்த இந்துக்களும் முஸ்லிம்களும் பார்சிகளும் தாலி கட்டி, நிக்காஹ் செய்து வாழ்ந்த வாழ்க்கை ஒரே நாளில் சட்டத்துக்கு வெளியே போனது. மனைவி என்கிற தகுதியையே பறிக்கிறார்களே என்றுதான் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். கஸ்தூர்பா சிறை போனார். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்த வள்ளியம்மையும் தாயாரோடு போராட்டத்தில் இறங்கி, கடுங்காவல் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறையில் கிடந்தார். காய்ச்சலோடு வெளியே வந்தவர் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அப்போது வயது 16. அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. மற்றவர்களின் கல்யாணம் செல்லுபடியாக வேண்டும் என்பதற்கான போராட்டத்தில் உயிரைக் கொடுத்தார். அதே ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் அந்தத் திருமணங்களை ஏற்றுக்கொண்டது. 1915-ல் இந்தியா திரும்பிய காந்தி, வள்ளியம்மையின் பெற்றோர் வழி ஊரான தில்லையாடிக்கு நேரில் வந்தார். இன்று அங்கே நினைவு மண்டபமும் நூலகமும் இருக்கின்றன.

மண்டபத்தில் இருந்த விவரப் பலகையை அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். வெளியே வந்ததும், "பதினாறு வயசுங்க," என்றார். கணவர் பதில் சொல்லவில்லை. அவர்கள் மூத்த பேத்திக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான்.

தரங்கம்பாடிக்குள் நுழைவதே ஒரு வாசல் வழியாக. 1792-ல் கட்டிய டேனிஷ் நகர வாசல், வெள்ளையடித்து நிற்கிறது. அதைத் தாண்டினால் ராஜ வீதி, நேரே கடல். தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசரோடு 1620-ல் செய்துகொண்ட உடன்படிக்கையால் இந்தக் கடற்கரை டேனியரின் வணிகத் தளமானது. தளபதி ஓவே கெட்டே கடலைப் பார்த்தபடி டேன்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினார். 1845-ல் இந்த ஊரையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பிறகு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. தரங்கம்பாடித் துறைமுகம் படுத்துவிட்டது. வளர்ச்சி வேறு பக்கம் போனதால்தான் இந்தத் தெரு இன்றும் இருநூறு ஆண்டுக்கு முந்தைய அமைப்போடு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

ராஜ வீதியின் அழகு அதன் அளவில் இருக்கிறது. முதியவர்கள் நடக்கிற தூரம். முழங்கால் வலிக்காரருக்கும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய் வரலாம். 1701-ல் கட்டிய சீயோன் தேவாலயம் ஒரு பக்கம், 1718-ல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் எதிரே. இரண்டாவதைக் கட்டியவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. 1706 ஜூலையில் கரையிறங்கிய ஜெர்மானிய மதபோதகர். திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். அச்சுப்பொறி வரவழைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிடத் தொடங்கினார்; அந்த வேலை 1715-ல் முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையே வைத்தார்கள்.

சீகன்பால்கு வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே வைத்திருக்கும் பழைய பாணி அச்சுப்பொறியைப் பார்த்ததும் கணவருக்குத் தங்கள் கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது. 1983-ல் கும்பகோணத்து அச்சகம் ஒன்றில், ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்து அடித்த மஞ்சள் பத்திரிகை. மெய்ப்பு பார்க்கப் போனபோது மை காயாத தாளைத் தொட்டு விரலெல்லாம் கறையானதை அங்கேயே விவரித்தார். மனைவிக்கு அது புதுச் செய்தி. இத்தனை ஆண்டு கழித்தும் இருவருக்குள் சொல்லப்படாத கதை மிச்சமிருக்கிறது என்பது, அவர்களுக்கே மகிழ்ச்சியாக இருந்தது.

அந்த வீட்டில் இன்னொரு வாழ்க்கையும் நடந்தது. சீகன்பால்கு 1714-ல் ஐரோப்பா போய், அங்கே மரியா டொரதியா என்ற பெண்ணை மணந்து, 1716-ல் அவரோடு தரங்கம்பாடி திரும்பினார். 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்துபோனார். மூன்று ஆண்டுகூட நிறையாத இல்லறம், அதுவும் தெரியாத கடற்கரையில், தெரியாத மொழிக்கு நடுவில். புதிய எருசலேம் தேவாலயத்துக்குள் அவர் கல்லறை இருக்கிறது. அம்மாள் அதனருகே நின்று கேட்ட கேள்வி அந்தப் பெண்ணைப் பற்றியது: "அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு என்னா பண்ணிச்சு?" வரலாற்றுப் புத்தகங்கள் பொதுவாகப் போதகரோடு நின்றுவிடுகின்றன. சுற்றுலாக் கையேடுகளும் அப்படித்தான்.

சாயங்காலம் கோட்டை. கீழ்த்தளத்தில் கிடங்குகளும் காவல் அறைகளும், மேல்தளத்தில் ஆளுநர் வசித்த பகுதியும் இருந்தன. மேலே அருங்காட்சியகத்தில் டேனியர் காலத்துப் பீங்கானும் ஆயுதங்களும் விளக்குகளும். படிகள் கொஞ்சம் உயரம். முழங்கால் பட்டை போட்டுக்கொண்டு நிதானமாக ஏறினால் போதும். மதிலோரம் நின்றால் கடற்காற்று சட்டையைப் பறிக்கும்.

கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டுவிட்டது. இருப்பதைக் காக்கக் கரையில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பு உருக்குலைந்து போனது. அலை வந்த பக்கத்தையும், வீடுகள் இருந்த இடத்தையும் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கைகாட்டினார். அதன் பிறகு இன்டாக் அமைப்பும் டேனிஷ் நண்பர்களும் சேர்ந்து பழைய வீடுகள் சிலவற்றைப் புதுப்பித்திருக்கிறார்கள். இந்த ஊரை வெறும் 'பாரம்பரிய அழகு' என்று படம் பிடித்துக்கொண்டு போவது போதாது. உயிரோடு மீண்ட ஊர் இது.

மறுநாள் காலை பூம்புகார். காவிரி கடலில் சேர்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. வீட்டுக்குப் பக்கத்தில் பார்த்துப் பழகிய ஆறு, இங்கே வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கி மணலுக்குள் நுழைகிறது. அவ்வளவுதானா என்று அம்மாள் கேட்டுவிட்டார். வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துவிட்டு வருகிற ஆறு அப்படித்தான் வந்து சேரும் என்று கணவர் பதில் சொன்னார். தமிழில் எழுதப்பட்ட பெயர்பெற்ற தம்பதிப் பயணம் ஒன்று புறப்பட்டது இந்தக் கரையிலிருந்துதான். கண்ணகியும் கோவலனும் விடியுமுன் கிளம்பி, வழியில் கவுந்தியடிகளைத் துணை சேர்த்துக்கொண்டு, அரங்கமும் உறையூரும் கடந்து மதுரைக்கு நடந்தார்கள். அந்தப் பயணத்தின் முடிவு தெரிந்ததால் அதைப் பற்றி அவர்கள் நீட்டிப் பேசவில்லை. மதியம் மயிலாடுதுறையில் சாப்பாடு, ரயில், விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு.

செலவைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பேருந்து, ரயில் கட்டணம் இருவருக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாய். முதல் நாள் மதியத்துக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன புளிசாதமும் வடகமும். பெரிய செலவு விடுதி அறை ஒன்றுதான். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகை, ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. சின்னத் தூரத்துக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஓய்வூதியம் இல்லாத முதியவர்களுக்குக் கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்ற துணிவைக் கொடுத்ததே அந்தச் சலுகைதான். அதைத் திருப்பித் தர வேண்டும்.

அடுத்த தைக்குக் கோடியக்கரை என்று முடிவாகியிருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரலில் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது. 1930-ல் திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜி உப்பெடுத்த இடம் அகஸ்தியம்பள்ளி. அங்கிருந்து கோடியக்கரை பக்கம்தான். 1967-லிருந்து சரணாலயமாக இருக்கும் அந்தக் காட்டில் வெளிமான் உண்டு. தையில் போனால் பூநாரைகளும் இருக்கும்.

இந்தப் பயணங்களுக்கு உண்மையில் தடையாக இருந்தது பணமோ முழங்காலோ அல்ல. பேரனைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது, பால்காரருக்கு யார் கதவு திறப்பது, மகன் கொள்முதலுக்குப் போனால் கடையில் யார் உட்காருவது என்ற கேள்விகள்தான். முதல் ஆண்டு மருமகள் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, இரண்டு நாளும் வீட்டிலிருந்து யாரும் அவர்களைப் போனில் கூப்பிடக் கூடாது என்று கட்டளையும் போட்டதால்தான் அது நடந்தது. அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கு என்ன வாங்கலாம் என்று யோசிக்கிற மகன்களும் மகள்களும் புடவையையும் கேக்கையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அந்த மருமகள் செய்ததைச் செய்யுங்கள். இரண்டு நாளுக்கு வீட்டுச் சாவியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.